பேருந்தோடு போய்விட்ட நார்த்தங்காய்

மசக்கையில் எதைத் தின்றாலும் வாந்தியெடுக்கும் அம்பாசமுத்திரத்துத் தங்கை, நேற்று போனில் நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டாள்.

நானே முடைந்த பனையோலைப் பெட்டியில் ஊறுகாய் ஜாடியை வைத்து, இன்று காலை ஆழ்வார்குறிச்சியில் பேருந்து ஏறினேன்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கிய பிறகுதான் கையில் பெட்டி இல்லாதது தெரிந்தது. பேருந்து போய்விட்டது. அழுகையே வந்துவிட்டது.

அது திரும்பி வரும்வரை நிலையத்திலேயே நின்றேன். நடத்துநர் பெட்டியோடு இறங்கினார்.

"இது ஒங்களுதாக்கா? வாசத்துலயே பாதி பஸ்ஸுக்கு எச்சி ஊறிட்டு. பைய, பாத்துப் பிடிங்க."

வீட்டுக்குப் போனதும் தங்கை தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுத் தின்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருந்தேன். வாந்தி வரவில்லை. அப்படியே தூங்கிவிட்டாள்.

எழுந்ததும் கேட்கிறாள்: "யக்கா, நாளைக்குத் தேங்காப்பால் ஊத்திச் சொதி வச்சுக் கொண்டாரியா?"

சொதியைப் பேருந்தில் சிந்தாமல் கொண்டுபோக வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.