அக்காவின் குரலில் கலைந்த கோடுகள்

ஸ்வீடனில் நான் தினமும் ஏறும் டிராமில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் பேச்சுச் சத்தமே இருக்காது. குரலை இப்படி அடக்கியே வாழும் ஊரில், மனிதக் குரலை ஆராய்வதுதான் எனக்கு வேலை. பேச்சைக் கொடுத்தால், எங்கள் கணினி அதிலுள்ள அதிர்வெண்களைத் தானாகவே பிரித்துப் படமாகக் காட்டும். சீரான குரல் என்றால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெளிவாக அடுக்கி நிற்கும்.

தமிழ்க் குரலையும் சோதிக்கலாமே என்று, திண்டிவனத்திலிருக்கும் சாந்தி அக்காவிடம் கேட்டுவிட்டு, அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பேச்சுகளை அந்தக் கணினியில் போட்டேன். அக்கா ஒலக்கூர் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். கூட வேலை செய்யும் இங்க்ரிட் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "உன்னை எதற்காகத் திட்டுகிறார்?" என்றாள். "திட்டவில்லை, ஊரில் நல்ல மழையாம்" என்றேன். சிரித்தவள், திரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். போன வருடப் பேச்சில் தெளிவாக இருந்த கோடுகள், இந்த மாதப் பேச்சில் மணலை இறைத்ததுபோல் கலைந்து கிடந்தன. "இது நோயைச் சொல்லாது. ஆனாலும் டாக்டரிடம் காட்டச் சொல்" என்றாள்.

தொண்டைப் புற்றுநோய்க்கு அப்பாவைப் பறிகொடுத்த வீடு எங்களுடையது. அவருக்கும் முதலில் கம்மியது குரல்தான்.

உடனே அக்காவுக்குப் போன் செய்தேன். "பசங்ககிட்ட கத்திக்கினே இருந்தா தொண்ட கட்டாம இன்னா பண்ணும்? பேஜார் பண்ணாதடா" என்றாள்.

"அப்பாவும் இப்படித்தான்க்கா சொன்னாரு. ஜல்தியா போய்க் காட்டு."

அக்கா எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நானும் அதையேதான் நெனச்சிக்கினு கெடக்கறேன். பயந்துக்கினுதான் போவல" என்றாள்.

அக்காவின் கணவர் அவளை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார். குரல் நாணில் சின்னக் கட்டி. அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அலுவலகத்தில் யாருடைய குரலையும் என்னால் கேட்க முடியவில்லை. போன் அதிர்ந்தாலே எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன். அக்கா வாயைத் திறக்கக் கூடாது என்பதால் எழுத்தில்தான் செய்தி வந்தது: "கெட்ட கட்டி இல்லியாம்." மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பக்கம் போனவர் முகம் ஏன் நனைந்திருக்கிறது என்று ஸ்வீடிஷ் மொழியில் கேட்டார். "மழை" என்று சொல்லிவைத்தேன்.

டாக்டர் பேசலாம் என்ற பிறகு ஒரு காலையில் புது எண்ணிலிருந்து போன் வந்தது. மென்மையான, கீச்சில்லாத ஒரு பெண் குரல், "சாப்ட்டியா?" என்றது.

"யாருங்க பேசறது?" என்றேன்.

"டேய், அக்காடா" என்று அது சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த அக்கா ஸ்வீடனில், என் கணினிக்குள் உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். திண்டிவனத்தில் இருப்பவளின் குரலை நான் இனிமேல்தான் பழகிக்கொள்ள வேண்டும்.