கவுன்டர்காரியின் திக்கல்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினோரு வருடமாக லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவளுக்குக் கடையில் வைத்த பெயர் ‘அமைதி’. அமைதியாவது மண்ணாவது! அவளுக்குத் திக்கும். அதை ஒருவருக்கும் தெரியாமல் மறைப்பதுதான் அவளுடைய முழுநேர வேலை. லென்ஸ் பொருத்துவதெல்லாம் இடையிடையே செய்வது.

‘ப’வும் ‘க’வும் அவள் வாயைத் தாண்டாது. அதனால் பச்சை ஃப்ரேமை ‘இலை நிறம்’ என்பாள். வார்த்தை மாட்டப்போகிறது என்று தெரிந்தால் இருமுவாள், யோசிப்பவள்போல் கூரையைப் பார்ப்பாள். போன் அடித்தால் உடனே கையில் பசை ஒட்டியிருக்கும். ‘காபி’ என்று சொல்ல வராமல், போகிற இடமெல்லாம் டீ கேட்டதில், “என் பொண்டாட்டிக்கு டீன்னா உயிரு” என்று கணவனே ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான்.

அப்படியிருக்கையில்தான் கவுன்டருக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். வயது இருபத்தைந்து இருக்கும். முதல் நாள், முதலில் வந்தவரிடமே, “எனக்குத் தி... தி... திக்கும் சார். கொஞ்சம் பொறுத்துக்குங்க. கண்ணாடி சீக்கிரம் வந்துடும், நான்தான் லேட்டு” என்றாள். அவர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பின்னறையில் ‘அமைதி’க்கு வயிறு எரிந்தது. சரளமாகப் பேசுகிறவர்கள்மேல் அவளுக்கு ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. அவர்கள் வேறு பிறவி. இவளோ தன்னைப்போலவே திக்குகிறவள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல், நினைத்ததை நினைத்தபடியே சொல்கிறாள்! ஒரே மாதத்தில் வாடிக்கையாளர்கள் அவளைத் தேடி வந்தார்கள். “வாய் நெறைய பேசுது பொண்ணு” என்று முதலாளி மெச்சியது வேறு நெருப்பில் எண்ணெய் வார்த்தது.

ஒருநாள் கடை நிறைய ஆட்கள். கவுன்டர்காரி, “இதுக்கு உ... உ...” என்று நின்றாள். தயாரான கண்ணாடியோடு வெளியே வந்த ‘அமைதி’, “உறை இலவசம்!” என்று பளிச்சென முடித்துவைத்தாள். தன்னிடம் யாராவது அப்படிச் செய்தால் அவளுக்குச் செத்துவிடலாம்போல் இருக்கும். தெரிந்தேதான் செய்தாள்.

கூட்டம் போனதும் கவுன்டர்காரி உள்ளே வந்தாள். “அக்கா, நா... நான் சொல்ல வந்தது உத்தரவாதம். இனிமே என்னையே சொல்ல விடுங்க.” குரலில் கோபமே இல்லை. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டாள் ‘அமைதி’.

அடுத்த வாரம் ஒரு மருந்துச்சீட்டில் லென்ஸ் பவர் எண் தெளிவாக இல்லை. கண் மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்க வேண்டும். வழக்கம்போல் ‘அமைதி’யின் கையில் பசை. கவுன்டர்காரி போனை எடுத்தாள். இரண்டு முறை மறுமுனையில் வைத்துவிட்டார்கள். மூன்றாவது முறை எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிவிட்டு, பின்னறைக்கு வந்து தண்ணீர் குடித்தாள். டம்ளர் பல்லில் மோதி டகடகவென்றது.

“அச்சமா?” என்றாள் ‘அமைதி’, ‘பயம்’ வாயில் வராமல்.

“பின்னே? தெனமும்தான்.”

பயமே அறியாதவள் என்று நினைத்தல்லவா இத்தனை நாள் எரிந்துகொண்டிருந்தாள்! பயத்தோடேதான் பேசுகிறாள் என்று தெரிந்ததும் பொறாமை தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை, கூடியது. பயம் இருவருக்கும் ஒன்றேதான் என்றால், தான் ஒளிந்த பதினோரு வருடத்துக்கு என்ன சாக்கு?

“எனக்கும் தி... தி...” என்று தொடங்கினாள். இருமல் தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். “தி... திக்கும்.”

கவுன்டர்காரியின் கண்கள் விரிந்தன. “இத்தனை நாளா என் பக்கத்துலயே இருந்துக்கிட்டு, வாயத் தெறக்கலியே அக்கா!” என்று அவள் தோளில் ஒரு குத்து விட்டாள்.

மறுநாள் இன்னொரு சீட்டுக்காக மருத்துவமனைக்கு ‘அமைதி’யே போன் செய்தாள். “க... க... கண்ணாடிக் கடையிலேருந்து” என்று சொல்லி முடிப்பதற்குள் காது சிவந்துவிட்டது. ஆனால் யாரும் வைக்கவில்லை. பேசி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. கவுன்டர்காரிக்கு இரண்டே நிமிடம்தான் ஆகியிருக்கும் என்று நினைத்தபோது மறுபடி கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்தது.