வட்டத்துக்குள் ஒரு கதிரை

ஹட்டனில் குடியை விட வைக்கும் நிலையம் ஒன்றில் நான் தங்கியிருந்தபோது, சனிக்கிழமைகளில் வீட்டு ஆட்கள் பார்க்க வருவார்கள். குடிகாரர்கள் நாங்கள் நடுவில் வட்டமாக உட்காருவோம். மனைவிமாருக்குச் சுவரோரம் ஒரு வரிசை.

ஒரு சனிக்கிழமை, அக்கரப்பத்தனை பஸ்ஸில் வந்த ஓர் அம்மா சுவரோரக் கதிரை ஒன்றைத் தூக்காமல், தரையில் கிறீச்சென்று இழுத்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். விரல்களில் தேயிலைக் கொழுந்துக் கறை.

யாழ்ப்பாணத்து ஆலோசகர், "அம்மா, மனுசிமார் அங்காலை இருங்கோ. உங்கட மனுசன் ஆர்?" என்று கேட்டார்.

"அவரு செத்துட்டாருங்க. குடிக்கிறது நாந்தான்."

எங்களில் சிலர் சிரித்தோம்.

"பொம்பிளையளுக்கு இஞ்ச கட்டில் இல்லை அம்மா."

"கட்டிலா கேட்டேன்? சாராயம் விக்கிறவன் என்னையப் பொம்பளைன்னு திருப்பி அனுப்பல. விடணும்னு வந்த எடத்துலதான் அனுப்புறீங்க. நான் இங்கதான் இருப்பேன். நீங்க பேசுங்க சார்."

ஆலோசகர் பேசினார். அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் கதிரை இழுபடும் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் சிரிப்பும் நின்றுபோனது.

நான் வீடு திரும்புவதற்கு முந்திய சனிக்கிழமை, அவர் வந்து உட்கார்ந்த பிறகும் பின்னால் ஒரு கதிரை இழுபட்டது. திரும்பிப் பார்த்தேன். இழுத்துக்கொண்டு வந்தவள் என் மனைவி.

வட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா மட்டும் திரும்பிப் பார்க்காமலே நகர்ந்து இடம் விட்டார். என் வீட்டில் எனக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.