எனக்கு வராத அல்சர்

இன்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் வீட்டுக்கு வந்து லீவுச் சீட்டுகள் வைத்திருந்த என் பழைய ஃபைலைப் புரட்டினார்.

"அல்சர் ரெண்டு வருசம் இருந்திருக்குதுங்கக்கா. பாலிசி எடுத்தாலும் வயித்து வைத்தியத்துக்குப் பணம் கெடைக்காதுங்க."

எனக்கு அல்சர் வந்ததே இல்லை.

தொண்ணூற்று மூன்றில் அருள்புரம் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். மனச்சோர்வு எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. தலையில் கரண்ட் வைக்கும் வைத்தியத்துக்கு இரண்டு பஸ் மாறிக் கோயம்புத்தூர் போவேன். கூட வரும் அண்ணன், தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களென்று ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கமே நின்றுகொள்வார்.

லீவுச் சீட்டு எழுதிய டாக்டர் சொன்னார்: "மனசுன்னு எழுதுனா வேலை போயிரும் கண்ணு. அல்சர்னு போட்டுர்றேன்."

கம்பெனியில் ஆளாளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நானும் குடித்தேன்.

"வேற ஏதாச்சும் சீக்கு இருந்துச்சுங்களா?" என்று கேட்டார் ஏஜென்ட்.

"இல்லீங்க" என்றேன். ஃபைலும் அதைத்தான் சொன்னது.

உங்கள் ஃபைலில் என்ன நோய் எழுதியிருக்கிறது?