மகளின் ராக்கெட்டுக்கு வாங்கிய லட்டு

எங்கள் மகள் அரசாங்க வேலைக்குப் போயிருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை. சென்னையில் ஒரு தனியார் ராக்கெட் கம்பெனியில் போய்ச் சேர்ந்தாள். "தனியாருல சோப்பு செய்வான், காரு செய்வான். ராக்கெட்டு கூடவா செய்வான்?" என்று கேட்டேன். "இப்ப செய்யறாங்கம்மா" என்று சிரித்தாள். போன மாதம் பேசியபோது அந்தச் சிரிப்பு இல்லை. "இந்த ராக்கெட்டு ஒழுங்கா போகலைன்னா கம்பெனிய மூடிடுவாங்கம்மா" என்றாள்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன சூளை இருக்கிறது. பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிறோம். சூளையைத் திறந்து, சரக்கு ஆறி, ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, விரிசல் இல்லாத சத்தம் கேட்கும்வரை என் வீட்டுக்காரர் எதிரில் யாரும் 'நல்லா வந்திருக்குது' என்று சொல்லிவிட முடியாது. கடித்துக் குதறிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன், ராக்கெட் விட்ட அன்று காலை, என் போனில் ஓடிய நேரலையில் அது தரையை விட்டுக் கிளம்பியதுதான் தாமதம், "போயிடுச்சுடி!" என்று கத்திக்கொண்டு எதிரிலிருக்கும் மிட்டாய்க் கடைக்கு ஓடினார். இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்து, ஒரு டப்பா லட்டை வீட்டில் வைத்துவிட்டு, மீதியைப் பேட்டையில் ஷெட் ஷெட்டாகக் கொடுக்கக் கிளம்பினார். "இருங்க, முழுசா பாத்துட்டுப் போங்க" என்றேன். காதிலேயே ஏறவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராக்கெட்டின் அடிப்பகுதி கழன்று விழுந்தது. மேல்பகுதியின் எஞ்சின் பற்ற வேண்டும், பற்றவில்லை. விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்த பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். பாதை காட்டும் கோடு வளைந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. ஐயோ, யாராவது ஏதாவது செய்யுங்களேன் என்று அடுப்படியில் நின்று கத்தினேன். என்ன பிரயோஜனம்? போனில் தெரிந்த அந்தக் கம்பெனிக்காரர்கள், அவ்வளவு படித்தவர்களே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்காரருக்குப் போன் அடித்தால், அது கூடத்திலேயே சார்ஜில் கிடந்து அலறியது.

கொஞ்ச நேரத்தில் மகள் கூப்பிட்டாள். "ஒண்ணும் கேக்காதம்மா. சும்மா லைன்ல இரு." அழுகையை அடக்குகிற மூச்சு மட்டும் கேட்டது. பக்கத்தில் இருந்தால் மடியில் போட்டுக்கொண்டிருப்பேன். போனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அப்போது பக்கத்து ஷெட்டுக்காரர் மனைவி வாசலில் வந்து நின்றார். "என்னக்கா, பாப்பா வுட்ட ராக்கெட்டு வானத்துக்குப் போயிடுச்சாமே! எங்க ஷெட்டுக்கு இன்னும் லட்டு வரலியே?"

போனில் மூச்சுச் சத்தம் நின்றது.

"அப்பா லட்டு குடுக்குறாராம்மா?"

"ஆமாண்டி."

"சரி... குடுங்க."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒரு லட்டை எடுத்து அந்தம்மா கையில் வைத்தேன்.