ஸ்வாலா தண்ணீர் குடித்த மதியம்

கடலுக்கே நீச்சல் கற்றுக்கொடுத்தவள் குன்வோர். காற்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் திசை மாறும். திமிங்கிலங்கள் அவள் படகைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி வழிவிடும். இதில் உண்மை ஒன்றுதான், அவளிடம் ஒரு படகு இருக்கிறது. மற்றபடி சுவீடனின் மேற்குக் கரையில் டவுன் பஸ் ஓட்டுகிறாள்.

படகின் பெயர் ஸ்வாலா. மரப்படகு. பனிக்காலம் முழுக்கக் கரையில், கட்டைகளின் மேல், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கும். ஏப்ரல் பிறந்ததும் குன்வோர் அந்தப் பாய்க்குள் புகுந்துவிடுவாள். பழைய பெயிண்டைச் சுரண்டுவாள், வார்னிஷ் பூசுவாள். பூசுகிறாளா, பயணம் போகிறாளா என்று சொல்வது கஷ்டம். பாயில் மழை தட்டினால் அவளுக்கு அது அலை. தூரிகை கையிலேயே நிற்கும். மனசு ஏதோ ஒரு தீவுக்குப் பின்னால் நங்கூரம் போட்டுக்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் மழையே இல்லை. கீழைக்காற்று படகை அப்பளமாகக் காயவைத்துவிட்டது. உள்ளே ஈரச்சாக்கு விரித்துப் பார்த்தாள். காற்று அதையும் குடித்துவிட்டது. பலகைகள் சுருங்கி, இடுக்குகளில் வெயில் கோடுகோடாக விழுந்தது. பார்க்க அழகுதான், படகுக்குத்தான் ஆபத்து. படகுகளை இறக்கும் கிரேன் வசந்தத்தில் ஒரு நாள்தான் வரும். அன்றைக்கு மிதக்காவிட்டால் கோடை முழுக்கக் கரைதான்.

பக்கத்துப் படகுக்காரர் பெர்ட்டில், ஃபைபர் படகு வைத்திருப்பவர், இடுக்கில் பசை அடைத்துவிடு என்று நச்சரித்தார். அடைத்தால், தண்ணீரில் பலகை உப்பும்போது இடமில்லாமல் படகின் விலா முறியும், சும்மா விட்டால் உப்பின பலகையே இடுக்கை மூடிக்கொள்ளும் என்று அவள் மறுத்துவிட்டாள்.

கிரேன் நாளில் கடைசியாக இறங்கியது ஸ்வாலா. கிரேனின் பட்டைகளில் தொங்கியபடியே தண்ணீரைத் தொட்டது, உடனே குடிக்க ஆரம்பித்தது. குன்வோர் பூட்ஸோடு உள்ளே நின்று பம்பு அடித்தாள்.

"படகு வாங்கினியா, வடிகட்டி வாங்கினியா?" என்றார் பெர்ட்டில்.

"வடிகட்டிதான். உன் காப்பியக் கொண்டா, மண்டி இல்லாம தர்றேன்."

கிரேன் ஓட்டும் ரூனேவுக்கு அடுத்த ஊரில் வேலை இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பலகை உப்பும்வரை அவனைப் பிடித்துவைக்க, குன்வோர் லவங்கப்பட்டை பன் இருந்த பையை அவனுக்குக் கொடுத்தனுப்பினாள்.

"இன்னும் ஒரு பன்னுதான் இருக்கு, குன்வோர்."

"மெதுவாச் சாப்பிடு."

மரம் முனகியது, தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி. நூலாக வந்த தண்ணீர் முத்து முத்தாகி, பிறகு வெறும் ஈரமானது. ரூனே விரலை நக்கி முடித்தான். குன்வோர் பலகையில் உள்ளங்கையை வைத்தாள்.

"அவுத்துடு."

பட்டைகள் தளர்ந்தன. ஸ்வாலா ஒரு சாண் இறங்கியது. அப்புறம் இறங்கவில்லை. வாத்துபோல லேசாக ஆடிக்கொண்டு நின்றது.

அந்த நொடியில் குன்வோரின் முகத்தில் பயத்தின் நிழல்கூட இல்லை. நான் எழுதியதை இந்த இடம்வரை அவளுக்கு வாசித்துக் காட்டியதும் அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"உனக்கெப்படித் தெரியும்? நீதான் கரையில கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நின்னியே."