வெங்காயத்தாள் பொரியலில் ஒரு முனை

போன திங்கட்கிழமை பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு என் கை கால் எல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. காரணம்? ஒரு பொரியல்!

சிரிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அவிநாசிபாளையத்தில் ரோட்டோரம் வெங்காயத்தாள் கட்டுக்கட்டாக வைத்து விற்றார்கள். பச்சைப் பசேலென்று... விடுவேனா? இரண்டு கட்டு வாங்கிவிட்டேன்.

வெங்காயத்தாள் என்னைப் போன்ற அவசரக்காரிகளுக்கென்றே விளைகிற சாமான். எண்ணெயில் கடுகு, உளுந்து, தட்டின பூண்டு. வெள்ளைப் பகுதி முதலில். அது வதங்கியதும் பச்சைத் தாள், உப்பு, மிளகாய்த்தூள். கடைசியில் இரண்டு ஸ்பூன் கடலை மாவைத் தூவி ஒரு புரட்டு... இறக்கிவிடலாம். கம்பெனி வேன் வருவதற்குள் மூன்று டிபன் பாக்ஸ் ரெடி!

ஆனால் அன்றைக்குக் கத்தியைக் காணோம். தேட நேரமில்லை. போனை எடுக்கக் கைப்பையைத் திறந்தால், உள்ளே ட்ரிம்மர். துணியில் தொங்குகிற நூலை வெட்டுவதற்கான குட்டிக் கத்தரி. சனிக்கிழமை அவசரத்தில் தெரியாமல் பையில் போட்டிருக்கிறேன்.

என்னைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், முதலிபாளையம் பக்கம் வெளிநாட்டுக்குக் குழந்தைத் துணி தைக்கிற ஒரு பனியன் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்சார்ஜ். அங்கே ஒவ்வொரு ட்ரிம்மருக்கும் நம்பர் உண்டு. காலையில் கொடுத்து, சாயங்காலம் திரும்ப வாங்கி வைப்போம். ஒன்றுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. இந்தச் சட்டத்துக்குக் காவல்காரி யார்? நானேதான்!

சரி, வந்தது வந்துவிட்டது... கழுவிவிட்டு, தாள்களை ஒரு பிடி பிடித்து, வாணலிக்கு மேலேயே கச்கச்சென்று வெட்டித் தள்ளினேன். மிளகாய்த்தூள் டப்பா மூடி இறுகிக் கிடந்தது. ட்ரிம்மர் நுனியை விட்டு நெம்பினேன். டக்கென்று ஒரு சத்தம். மூடி திறந்துகொண்டது. எனக்கு, வீட்டுக்காரருக்கு, ஐந்தாவது படிக்கிற மகளுக்கு என்று மூன்று டப்பாவில் போட்டு, ட்ரிம்மரைத் திரும்பக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பியாயிற்று.

பதினொன்றரைக்குக் கம்பெனியில் ஒரு ஊசி உடைந்தது. தைத்துக்கொண்டிருந்தவர் ஜெபக்கனி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஊசி உடைந்தால் லைனை நிறுத்திவிட வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் விடமாட்டோம். அன்றைக்கு நுனியைக் காணோம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "கண்ணைத் தொறந்து தேடுங்க! பச்சக் கொழந்தைக போடற துணிங்க அது! உங்க புள்ளைக்குன்னா இப்படி நிப்பீங்களா?" என்று கத்தினேன். எங்கள் ஊரில் திட்டுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம்.

பாவம், அவர் காந்தத்தைத் தரையில் ஓட்டித் தேடினார். ஊசித்தட்டுக்கு அடியில் சேர்ந்திருந்த பஞ்சில் நுனி கிடைத்தது. ஒட்டுவதற்கு டேப்பை வெட்ட வேண்டுமே என்று என் பையிலிருந்த ட்ரிம்மரை நீட்டினேன். வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எக்கா... இதுக்கு முனை ஒடிஞ்சிருக்குல்லா?"

பார்த்தேன். ஒரு பக்கம் கூர் இருக்கிறது. மறுபக்கம் மொட்டை.

டக்கென்ற அந்தச் சத்தம்! அடுப்புக்கு நேர் மேலே வைத்துத்தானே மூடியை நெம்பினேன்? அந்தத் துண்டு எங்கே போயிருக்கும்?

மகளின் பள்ளியில் சாப்பாட்டு மணி பன்னிரண்டு பத்துக்கு அடிக்கும். பள்ளி ஆபீசுக்குப் போன் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது... யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ம்ஹூம். என் வீட்டுக்காரர் பள்ளிக்குப் பக்கத்தில்தான் ஒரு நிட்டிங் யூனிட்டில் மாஸ்டராக இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன்.

"என்னம்மிணி, இந்நேரத்துக்கு?"

"ஏனுங்க, உடனே ஸ்கூலுக்குப் போங்க. பாப்பா டப்பாவைத் தொறக்கறதுக்குள்ள வாங்கிருங்க. பொரியல்ல இரும்புத் துண்டு வுழுந்திருக்குதுங்க."

"எவ்வளவு பெருசு?"

"அரை அரிசி அளவு இருக்கும். கூருங்க... நீங்க சாப்ட்டீங்களா?"

"பத்து மணிக்கே சாப்ட்டாச்சு."

"சரி, நான் பாப்பாகிட்டப் போறேன்" என்று வைத்துவிட்டார். தன் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பதறாதீயக்கா. ஒங்க டப்பாவ நீடில் டிடெக்டர்ல விட்டுப் பாப்போம்" என்றார் ஜெபக்கனி. துணிக்குள் ஊசி இருந்தால் கண்டுபிடிக்கிற மிஷின் அது. எவர்சில்வர் டப்பாவோடு விட முடியாதே! குழந்தைச் சட்டை போடுகிற பாலிபேக்கில் என் பொரியலைக் கொட்டி, பெல்ட்டில் வைத்தோம். அது ஊர்ந்து உள்ளே போய், அந்தப் பக்கம் சத்தமில்லாமல் வந்தது.

என் டப்பாவில் இல்லை. அப்படியானால் மகள் டப்பாவில். அல்லது அவர் வயிற்றில். எது என்று வேண்டிக்கொள்வது, சொல்லுங்கள்?

பன்னிரண்டு பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. அவர் போனை எடுக்கவில்லை. கண்காணாத தேசத்தில் பிறக்கப்போகிற ஏதோ ஒரு குழந்தைக்காக இத்தனை ரெஜிஸ்டர், இத்தனை மிஷின், இத்தனை கூச்சல் போடுகிறேன். என் வயிற்றில் பிறந்தவள் தின்கிற சோற்றை ஒருதரம் திரும்பிப் பார்த்தேனா? சம்பளம் கொடுத்தால்தான் கவனம் வருமா, சனியனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இதில் 'ங்க' எல்லாம் இல்லை.

பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. டப்பாவை நீட்டினார். பாதி காலி.

"பெல் அடிக்கற வரைக்கும் கேட்டுல வாட்ச்மேன் உள்ளயே வுடலை, நான் போறதுக்குள்ள பாதி தின்னுட்டா அம்மிணி. தொண்டையில குத்துதான்னு கேட்டேன். இல்லீங்கப்பான்னா..."

பாலிபேக்கில் கொட்டினேன். அவசரத்தில் கால்வாசி தரையில் சிந்தியது. ஜெபக்கனி அதையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் போட்டார். பெல்ட் நகர்ந்தது. "ஏசப்பா, ஏசப்பா" என்று அவர் முணுமுணுக்க, நான் அவிநாசி சாமியைக் கூப்பிட்டேன்.

வீலென்று அலாரம். சிவப்பு விளக்கு. பெல்ட் நின்றது.

எப்போதும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எரிந்து விழுகிறவள் நான். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்!

தட்டில் பரப்பினோம். ஜெபக்கனி காந்தத்தை மெதுவாக ஓட்டினார். ஒரு பச்சைத் தாளின் குழலுக்குள்ளிருந்து வந்து ஒட்டிக்கொண்டது அந்தத் துண்டு. ட்ரிம்மர் முனையில் வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. இன்னும் நாலு வாய் தின்றிருந்தால்... போதும், வேண்டாம். தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு என் வீட்டுக்காரர் கேட்டார்: "அப்ப என் வயித்துல ஒண்ணும் இல்லீல்ல?"

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். மெமோ கொடுத்தார். நியாயம்தான். வெளியே வந்தால் ஜெபக்கனி நிற்கிறார். "எங்களை நீங்க ஏசுவீய. இப்ப ஒங்கள யாருக்கா ஏசுறது?" என்றார்.

"நீங்களே ஏசிருங்க" என்றேன். "காலைல உங்க புள்ளைய இழுத்துப் பேசினது தப்புங்க. மன்னிச்சுக்கங்க."

"வுடுங்கக்கா" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார். எனக்கு இன்னும் அழுகை கூடிற்று.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மகளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். அவளோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "எதுக்கும்மா அப்பாவ வுட்டுப் பொரியலப் புடுங்கிட்டு வரச் சொன்னீங்க? அது அவ்வளவு நல்லா இருந்துச்சு! நாளைக்கும் அதே வேணும்."

செய்தேன். ஒவ்வொரு தாளாக, கையால் கிள்ளி.